பட்டறைக் கணக்கு – 9: ஒரு கட் எடுப்பதற்கு முன்

போன வாரம் பிளாக்கை ரீபோர் செய்வதைப் பார்த்தோம். இந்த வாரம் அதன் மேல் உட்காரும் ஹெட். இன்ஜின் சூடேறி வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி, மில்லிங் மிஷினில் ஃபேசிங் செய்து வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. வண்டிக்காரர் மனதிலும் பல மெக்கானிக்குகள் மனதிலும் பதிந்துபோன வரிசை இதுதான். இதில் அளக்கிற வேலை எங்குமே இல்லை. ஃபேசிங்கில் கெட்டுப்போகும் ஹெட்டுகளில் பெரும்பாலானவை மிஷினில் ஏறுவதற்கு முன்பே கெட்டுப்போகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஹெட்டின் அடிமுகத்துக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்குவோம். மாருதி 800 நமக்கெல்லாம் தெரிந்த வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி., சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. கலவை எரியும்போது உள்ளே அழுத்தம் 50 பார் தொடுகிறது என்று வைத்தால், ஒரு சிலிண்டர் ஹெட்டை மேலே தூக்கும் விசை 1,800 கிலோவுக்கு மேல் வரும். 3,000 ஆர்.பி.எம். ஓட்டத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது. அந்த நெருப்புக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு துளையில் தண்ணீர் போகிறது. இன்னொரு துளையில் ஆயில் ஏறுகிறது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுத்து நிற்பது ஒரு கேஸ்கட். அது நிற்கவேண்டுமானால் மேலும் கீழும் உள்ள இரண்டு முகங்களும் சமமாக இருக்கவேண்டும். சிறிய பெட்ரோல் இன்ஜின்களின் கையேடுகள் பல, வளைவுக்குத் தரும் எல்லை 0.05 மி.மீ. பட்டறைப் பேச்சில் ரெண்டு தௌ. நாம் எழுதும் ஏ4 தாளின் தடிமனில் ஏறக்குறையப் பாதி.

நல்ல அலுமினிய வார்ப்பு எப்படி வளைகிறது? ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரண்டு மடங்கு நீளும். 450 மி.மீ. நீள அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால் 0.8 மி.மீ. அளவுக்கு நீள்கிறது, அதன் கீழே இருப்பது வார்ப்பிரும்பு பிளாக் என்றால் அது நீள்வது 0.4 மி.மீ. மட்டுமே. இந்த வித்தியாசம் வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கமான சூட்டில் ஹெட் கேஸ்கட் மேல் சற்றே நகர்ந்து, ஆறும்போது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். தண்ணீர் வற்றிய இன்ஜினில்தான் கணக்கு தப்புகிறது. ஹெட்டின் நடுப்பகுதி எல்லை மீறிச் சூடாகிறது. சூட்டில் அலுமினியத்தின் பலமும் இறங்குகிறது. நீளப் பார்க்கும் உலோகத்தைப் போல்ட்டுகள் விடாமல் பிடித்திருப்பதால், போக இடமில்லாமல் அது தன்னையே நசுக்கிக்கொண்டு நடுவில் மேல்நோக்கி எழும்புகிறது. ஆறிய பிறகு அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடுகிறது.

ஓட்டுநர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். டெம்பரேச்சர் முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார், தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் சுத்தமாக வற்றிவிட்டால் அது காற்றின் சூட்டைத்தான் அளக்கிறது. ஏறிய முள் இறங்கக்கூட இறங்கும். அதைப் பார்த்து நிம்மதியடைந்து ஓட்டிய கடைசிச் சில கிலோமீட்டரில்தான் பல ஹெட்டுகள் வளைந்திருக்கின்றன. பிறகு ஓரம் நிறுத்தி, கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், வளைந்ததோடு வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசலும் விடலாம். நிறுத்தி, ஆறவிட்டு, ஆறின பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டும்.

கோவையில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் நடந்த பேச்சு இது. இளம் மெக்கானிக் ஒருவர் ஹெட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணா, சும்மா ஒரு கட் போட்டுக் குடுத்துருங்க. வண்டிக்காரரு கடையிலயே உக்காந்துட்டாரு.”

“போட்றலாம் தம்பி. எதனால சூடாச்சுன்னு பாத்தியா?”

“வாட்டர் பம்ப்பு லீக்குங்ணா. மாத்தியாச்சு.”

“நல்லது. கேம்ஷாஃப்ட் கழட்டறதுக்கு முன்ன கையில சுத்திப் பாத்தியா?”

தம்பி பார்க்கவில்லை. மாஸ்டர் அடிமுகத்தைத் துடைத்து, ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் என்று மாற்றி மாற்றி வைத்து ஃபீலர் கேஜ் தாளை நுழைத்துப் பார்த்தார். நீளவாக்கில் நடுவே 0.15 மி.மீ. தாள் இலகுவாகப் போனது. பிறகு கேம்ஷாஃப்டை எடுத்து அதன் துளைகளில் செருகினார். கடைசித் துளைக்கு முன்பே இறுகி நின்றுவிட்டது.

ஓவர்ஹெட் கேம் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் சுழல்வது ஹெட்டுக்குள்ளேயே. ஹெட் வில்லாக வளைந்தால் அடிமுகம் மட்டும் தனியாக வளைவதில்லை. கேம் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருந்ததும் போய்விடுகிறது. அடிமுகத்தை மட்டும் சீவிச் சமமாக்கினால் கேஸ்கட் அடைத்துவிடும், தண்ணீர் ஒழுகாது, வண்டியும் கிளம்பும். மேலே கேம்ஷாஃப்ட் வளைந்த பாதையில் சிக்கிச் சுழலும். கேம் தாங்கும் இடங்கள் தேயலாம். ஷாஃப்ட் உடையக்கூட உடையலாம். அப்போது அது வேறொரு பழுது என்று பில் போடுவார்கள்.

இதற்கு மருந்து, முதலில் ஹெட்டை நேராக்குவது. தடித்த எஃகுத் தகட்டின் மேல் ஹெட்டை வைத்து, இரண்டு முனைகளின் அடியிலும் அளந்து ஷிம் கொடுத்து, எழும்பியிருக்கும் நடுப்பகுதியைப் போல்ட்டால் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். தகட்டோடு சேர்த்து அடுப்பில் ஏற்றி, 230 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்திருந்து, அடுப்பிலேயே மெல்ல ஆறவிடுகிறார்கள். எந்தச் சூடு வளைத்ததோ அதைக்கொண்டே வளைவை எடுக்கும் வேலை. சரியாக வந்தால் கேம் துளைகள் மறுபடி நேர்கோட்டுக்கு வரும். அடிமுகத்தில் மீதி இருப்பது ஃபேசிங்கில் லேசாகத் தொட்டால் போகும் அளவுதான். வராவிட்டால் கேம் துளைகளையே தனியாக ஒரே கோட்டில் போர் செய்யவேண்டும். இரண்டுக்கும் உடன்படாத ஹெட்டுக்குப் பணம் செலவழிக்காமல் வேறு ஹெட் தேடுவது நல்லது. மிக அதிகமாகச் சூடேறி உலோகமே மெதுவாகிப் போனவை உண்டு. அவற்றை எவ்வளவு அழகாகச் சீவினாலும் போல்ட் இறுக்கம் நிற்காது. விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் பார்ப்பதும் மிஷினுக்கு முந்தைய வேலைதான்.

இனி மிஷினுக்கு வருவோம். வளைந்த ஹெட்டை டேபிளில் வைத்து, நான்கு மூலையிலும் கிளாம்பை இறுக்கினால் என்ன ஆகும்? வளைவு அமுங்கி, ஹெட் தற்காலிகமாக நேராகிவிடும். கட்டர் அதைச் சமமாகச் சீவும். கிளாம்பைத் தளர்த்தியதும் உலோகம் பழைய வளைவுக்கே திரும்பும். சமமாகச் சீவிய முகமும் அதோடு வளையும். அதனால் ஜாப் செட் செய்கிறவர் முதலில் ஹெட் தானாக எங்கே உட்காருகிறது என்று பார்த்து, உட்காராத இடத்தில் ஷிம் நுழைத்து, பிறகே கிளாம்ப் போடுகிறார். இறுக்கும்போது டயல் கேஜ் முள் அசையக்கூடாது. அசைந்தால் தளர்த்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது ஸ்பிண்டில். ஃபேசிங்குக்குப் பெரும்பாலும் ஃப்ளை கட்டர்தான்: பெரிய வட்டத் தகடு, ஓரத்தில் ஒரே ஒரு டூல் பிட். ஸ்பிண்டில் டேபிளுக்குச் செங்குத்தாக இல்லாமல், ஃபீட் போகும் திசையில் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் முகம் குழிவாக வெட்டப்படும். 250 மி.மீ. வட்டத்தில் 0.1 மி.மீ. சாய்வு இருந்தால், 150 மி.மீ. அகல ஹெட்டின் நடுவில் 0.01 மி.மீ. குழி விழும். சின்ன எண்தான், ஆனால் அனுமதித்த 0.05-இல் ஐந்தில் ஒரு பங்கை மிஷினே தின்றுவிடுகிறது. வெட்டிய முகத்தைப் பார்த்தே இதை ஊகிக்கலாம். டூல் போகும்போதும் சுற்றிவரும்போதும் கீறி, வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தெரிந்தால் ஸ்பிண்டில் நேராக நிற்கிறது. ஒரே பக்க வளைவுகள் மட்டும் தெரிந்தால் சாய்வு இருக்கிறது. டூலின் பின்பக்கம் உரசாமலிருக்க மிக மிக லேசான சாய்வை வேண்டுமென்றே வைப்பவர்களும் உண்டு. அது தெரிந்து வைக்கும் சாய்வு.

முகத்தின் வழவழப்பை முடிவு செய்வது ஃபீட். டூல் மூக்கின் ஆரம் 0.8 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.3 மி.மீ. நகர்த்தினால் கீறல்களின் மேடு பள்ளம் 14 மைக்ரான். 0.1 மி.மீ. நகர்த்தினால் 1.6 மைக்ரான். ஃபீட் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் உயரம் ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. பழைய கலவை கேஸ்கட்டுகள் கொஞ்சம் சொரசொரப்பைத் தாங்கின. பிடிப்புக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்றைய பல அடுக்கு எஃகு கேஸ்கட்டுக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும் முகம் வேண்டும். 600 ஆர்.பி.எம்., சுற்றுக்கு 0.1 மி.மீ. என்று போட்டால், கட்டர் ஹெட்டை முழுதாகக் கடக்கச் சுமார் 12 நிமிடம். நடுவில் ஃபீட் நிற்கக்கூடாது. நின்ற இடத்தில் கோடு விழும். அவசரத்துக்கு எமரி சக்கரத்தைக் கையில் பிடித்துத் தேய்க்கிற பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. தேய்த்த இடம் பள்ளமாகிறது. உதிர்ந்த எமரித் தூள் ஆயில் வழியில் போய் பேரிங்கைத் தின்கிறது. அந்தப் பழக்கத்தை அறவே விடவேண்டும்.

எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. மாருதி 800-இன் பழைய கார்புரேட்டர் மாடலில் கம்ப்ரெஷன் ரேஷியோ 8.7. ஹெட்டில் 0.3 மி.மீ. எடுத்தால் அது 8.9-ஐ ஒட்டி ஏறும். இன்னொருவர் இன்னொரு 0.3 எடுத்தால் 9.1. பெல்ட் ஓடும் தூரம் குறைவதால் வால்வு டைமிங்கும் பின்தங்கும்: 0.25 மி.மீ. எடுத்தால் கிராங்க் கணக்கில் அரை டிகிரி அளவுக்கு. வால்வும் பிஸ்டனும் அதே அளவு நெருங்குகின்றன. டீசலில் இந்த இடைவெளி இன்னும் குறைவு. சில டீசல் இன்ஜின்களின் கையேடு ஹெட்டைச் சீவவே கூடாது என்கிறது.

இவ்வளவுக்கும் பில்லில் வருவது ‘ஹெட் ஃபேசிங்’ என்ற ஒரே வரி, ஒரே தொகை. அந்தத் தொகை 12 நிமிட வெட்டுக்கானது. அளந்தது, செட் செய்தது, கேம் துளை பார்த்தது எதற்கும் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை ஒருவர் எத்தனை நாள் செய்வார்? பக்கத்துப் பட்டறை அளக்காமல் பாதி நேரத்தில், குறைந்த காசில் முடித்துக் கொடுக்கும்போது, அளக்கிறவர்தான் வாடிக்கையை இழக்கிறார். இது என்னை வருத்தப்படுத்துகிறது. அளவுக்குத் தனிக் கூலி போடவேண்டும். நாம் முகம் சுளிக்காமல் அதைக் கொடுக்கவேண்டும். பில்லில் நான்கு எண்கள் இருக்கவேண்டும்: வந்தபோது இருந்த வளைவு, எடுத்த அளவு, முடித்த பின் வளைவு, ஹெட்டின் இப்போதைய உயரம். கடைசி எண் கையேட்டில் தந்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போயிருந்தால் அந்த ஹெட்டை மாட்டக்கூடாது. வண்டி கைமாறும்போது ஆர்.சி. புத்தகத்தோடு இந்தத் தாளும் போனால், அடுத்த மெக்கானிக் இருட்டில் வெட்டவேண்டியதில்லை.

ஹெட் திரும்பி வந்ததும் தண்ணீர் வழி, ஆயில் வழி எல்லாவற்றிலும் காற்றடித்துச் சீவலை வெளியேற்றுங்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் அதே ஸ்ட்ரெயிட் எட்ஜால் பாருங்கள். ஹெட் மட்டுமே குற்றவாளி என்று முடிவுகட்டி அதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக்கூடாது. தேங்கினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகும், பிளாக்கே வெடிக்கவும் கூடும். இறுக்குவது நடுவிலிருந்து வெளியே, கையேடு சொல்லும் படிகளில்.

வால்வு சீட் வெட்டுவது அடுத்த வாரம்.