இடியன் துவக்கும் மான் இறைச்சியும்: கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. நமது ஊர்கள் பெரும்பாலும் சூரியன் உதிக்கும் பக்கத்தில் இருக்கின்றன. வயலும் குளமும் காடும் மறுபக்கத்தில், உன்னிச்சை, உறுகாமம், குடும்பிமலை என்று விரிந்து கிடக்கின்றன. அந்தக் காட்டிலிருந்து மான், மரை இறைச்சி இரகசியமாக இந்தக் கரைக்கு வருவது யாருக்கும் புதிய செய்தி அல்ல. வாங்குபவர் வழக்கமாக ஒரு கேள்விதான் கேட்பார்: "ஹலாலா?" விற்பவரும் ஒரு பதில்தான் வைத்திருப்பார்: "நம்ம ஆள்தான் சுட்டது."

அந்தப் பதில் போதுமா? மான் எப்படி உயிர் விட்டது, அதை வேட்டையாட யாருக்கு உரிமை இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை.

வேட்டை நமக்குப் புதிதல்ல

கிழக்கு முஸ்லிம்களுக்கும் காட்டுக்கும் பழைய உறவு உண்டு. யானை பிடிக்கும் பணிக்கர்களைப் பற்றி 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் விரிவாக எழுதியிருக்கிறார். வடக்கு, வடகிழக்கின் சோனகக் கிராமங்களைச் சேர்ந்த அவர்கள், மரை அல்லது எருமைத் தோலில் முறுக்கிய கயிற்றை மட்டும் கையில் கொண்டு யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டார்கள் என்பது அவரது குறிப்பு. ஏறாவூரில் பணிக்கர் என்ற பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. ஆகவே வேட்டையைப் பற்றிப் பேசுவது நம் முன்னோரை இழிவுபடுத்துவது ஆகாது. இன்று நடப்பதை மார்க்கமும் சட்டமும் எப்படிப் பார்க்கின்றன என்பதே பேச்சு.

இடியன் துவக்கு எப்படி வேலை செய்கிறது?

குழலின் வாய் வழியாக முதலில் வெடிமருந்தைக் கொட்டுவார்கள். அதன்மேல் தும்பையோ துணியையோ வைத்து அடைத்து, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இப்படி இடித்து நிரப்புவதால்தான் அதற்கு இடியன் என்று பெயர். ஒரு வெடி தீர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மான் காட்டுக்குள் மறைந்துவிடும்.

குண்டு உருண்டையானது. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகுவதால் அச்சில் வார்ப்பது எளிது. நாம் இன்றும் சொல்லும் "12 போர்" என்ற அளவு அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் அது.

உள்ளே வரி வெட்டாத வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு காற்றில் விரைவாக வேகம் இழக்கும், குறியும் பிசகும். ஏறத்தாழ 50 மீற்றருக்கு அப்பால் அதை நம்ப முடியாது. அதனால் பல மான்கள் சுட்ட இடத்தில் விழுவதில்லை. காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரிலோ குளக்கரையிலோ உயிர் விடுகின்றன. மார்க்கச் சட்டத்தின் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி: எப்படிச் செத்தது?

அடித்துக் கொல்லப்பட்ட பிராணியை அல்-மாஇதா அத்தியாயத்தின் 3ஆவது வசனம் விலக்குகிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் வேட்டையைப் பற்றிக் கேட்டபோது, எறியப்பட்டது கூரான பக்கத்தால் குத்திக் கிழித்தால் உண்ணலாம், தட்டையான பக்கத்தால் மோதிக் கொன்றால் உண்ணக் கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் இது.

அக்காலத்தில் வில்லில் வைத்து எறிந்த களிமண் உருண்டைக்கு அரபியில் புந்துக் என்று பெயர். அது மோதித்தான் கொல்லும் என்பதால், உயிரோடு பிடித்து அறுத்தால் அன்றி அந்த வேட்டை ஆகுமானதல்ல என்று பெரும்பான்மை இமாம்கள் கூறினார்கள். பின்னாளில் வெடிமருந்து வந்தபோது அதே சொல் துப்பாக்கிக்கும் போனது. உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் பந்தூக் அதிலிருந்து வந்தது. பெயரோடு சட்டப் பிரச்சினையும் கூடவே வந்தது. ஈயக் குண்டும் உருண்டைதான், அதற்கும் கூர் இல்லை. அப்படியென்றால் அது களிமண் உருண்டையைப் போன்றதா, அம்பைப் போன்றதா?

ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டு கூரால் வெட்டுவதில்லை, வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது என்று கூறி அதை ஏற்கவில்லை. யெமனின் இமாம் ஷவ்கானி, குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, துளைப்பதே அளவுகோல் என்று கூறி அனுமதித்தார். பிற்கால மாலிகி அறிஞர்கள் பலரும், நம் காலத்தில் யூசுப் அல்-கர்ளாவி அவர்களும் அனுமதித்தவர்களே. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதில் பேணுதலான பக்கமே நிற்கின்றன. உயிர் நிலைத்திருக்கும்போதே எட்டிப் பிடித்து அறுத்துவிட்டால் எல்லோரிடத்திலும் ஆகும், கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

அனுமதித்தவர்களும் நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். வேட்டையாடுபவர் மார்க்கம் ஏற்கும் தகுதி உடையவராக, வேட்டையை நாடிச் சுட வேண்டும். அல்லாஹ்வின் பெயர் கூற வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் இது சுன்னத், பிற மத்ஹபுகளில் கட்டாயம். உயிரோடு எட்டினால் அறுக்க வேண்டும். காயம்பட்டது தண்ணீரில் விழுந்து செத்திருந்தால் அதை விட்டுவிடுமாறு அதே அதீ (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்று தெரியாதல்லவா? குளமும் ஆறும் நிறைந்த நம் பகுதியில் இதை மறந்துவிடக் கூடாது.

கட்டுத்துவக்கு என்ன ஆகும்?

நம் பக்கத்தில் இடியன் துவக்கு எப்போதும் தோளில் இருப்பதில்லை. மிருகம் நடமாடும் தடத்தில் அதை மரத்தில் கட்டி, குறுக்கே நூல் இழுத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். இரவில் எது நூலில் தட்டுகிறதோ அதன்மேல் வெடிக்கும். காலையில் போய்ப் பார்க்கும்போது மான் விறைத்துக் கிடக்கும்.

இந்த மானைச் சுட்டது யார்? நாடியவர் இல்லை, அந்த நேரத்தில் பெயர் கூறியவர் இல்லை, அறுத்தவரும் இல்லை. நட்டு வைத்த கத்தியில் தானே மோதிச் செத்த பிராணியை ஷாபிஈ மத்ஹப் ஹலாலான வேட்டையாக ஏற்பதில்லை. கட்டுத்துவக்கும் அதே வகைதான். "நம்ம ஆள்தான் கட்டினது" என்பதால் அந்த இறைச்சியின் நிலை மாறாது. துண்டு போட்டுப் பையில் வந்த பிறகு, அது உயிரோடு அறுக்கப்பட்டதா விறைத்த பின் உரிக்கப்பட்டதா என்று எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது.

அந்த நூலுக்கு மானும் மனிதனும் ஒன்றுதான். விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள், மாடு தேடிப் போனவர்கள் இந்நாட்டில் கட்டுத்துவக்கில் சிக்கிக் காலையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். யானைகள் சீழ் பிடித்த காயத்தோடு மாதக்கணக்கில் அலைகின்றன.

இரண்டாவது கேள்வி: உரிமை இருந்ததா?

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் பாதுகாக்கிறது. 2009இல் வந்த திருத்தம் அதை மேலும் இறுக்கியது. கொல்வதோடு, இறைச்சியை வைத்திருப்பதும் கொண்டு செல்வதும் விற்பதும் குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி தனிக் குற்றம். மரை உலக அளவிலும் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது.

"அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் எப்படித் தடுக்கலாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டையை அல்லாஹ்வே தடுத்திருக்கிறான். மக்காவின் ஹரம் எல்லைக்குள் யாரும் வேட்டையாட முடியாது. மதீனாவைச் சுற்றியும் நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்தார்கள். அந்தத் தடைகள் வணக்கத்தின் பாற்பட்டவை, வனத் திணைக்களத்தின் தடை பொது நலனின் பாற்பட்டது, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஆகுமான ஒன்று ஓர் இடத்தில், ஒரு காலத்தில் மூடப்படலாம் என்பது முஸ்லிமுக்கு அந்நியமான கருத்து அல்ல. எல்லோருக்கும் பொதுவான காட்டின் செல்வத்தை ஒரு சிலர் இரவில் அள்ளிக்கொண்டு வருவது அமானிதத்துக்கும் பொருந்தாது.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் இதே வாய்வழித் துவக்கால் மான் வேட்டையாட உரிமமும் பருவமும் எண்ணிக்கையும் வகுத்திருக்கிறார்கள். அங்கு வாழும் நம் உறவுகள் சட்டப்படி வேட்டைக்குப் போகலாம். மேலே சொன்ன மார்க்க நிபந்தனைகள் அவர்களுக்கும் உண்டு. ஈயம் குறிப்பாகக் குழந்தைகளின் மூளையையும் கர்ப்பிணிகளையும் பாதிக்கும் நஞ்சு என்பதால், குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி வீச வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது.

நம் கையில் இருப்பது

பயிரைக் காக்க வழி தெரியாமல் துவக்குக் கட்டும் ஏழை விவசாயியின் கஷ்டம் உண்மையானது. அதற்கு வேலியும் நஷ்டஈடும் கேட்டு அவரோடு சேர்ந்து குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால் மானுக்காகக் கட்டப்படும் துவக்குக்கு விவசாயம் காரணம் அல்ல. கிலோவுக்குக் காசு கொடுக்க இந்தக் கரையில் ஆள் இருப்பதே காரணம். அந்த ஆள் கையை மடக்கினால் அந்த நூலை இழுத்துக் கட்ட யாருக்கும் தேவை இராது.

அடுத்த முறை பை வாசலுக்கு வரும்போது "ஹலாலா?" என்பதோடு நிறுத்தாமல், உயிரோடு அறுத்ததா, யார் பார்த்தது, எந்தக் காட்டில், எந்த அனுமதியோடு என்றும் கேட்டுப் பாருங்கள். விற்பவர் பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனால், அதுவே பதில்.