கொழுந்துக்குள் மறைந்த சிவப்பு

இடுக்கியின் மூணாறு, பீர்மேடு மலைகளிலும் பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும் விளையும் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உயரம், மழை, பனி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அத்துவர்ப்பைக் கொழுந்தினுள் ஆக்கிவைக்கும் ரிடக்டேஸ் எனும் ஒடுக்க நொதிகளைப் பற்றித் தோட்டத்துக்கு வெளியே பேச்சே இல்லை. ஒரு மூலக்கூறு எலக்ட்ரான்களைப் பெறுவது, பல வேளைகளில் ஹைட்ரஜனோடு சேர்த்துப் பெறுவது, ஒடுக்கம் எனப்படும். தாவர உயிரணுவில் அந்த எலக்ட்ரான்களைச் சுமந்துவந்து தருவது என்ஏடிபிஹெச் என்ற சிறு மூலக்கூறு. ஒளிச்சேர்க்கையின்போது அது பெருமளவில் உருவாகிறது.

துவர்ப்புக்குரிய பொருள்கள் கேட்டச்சின்கள். அவற்றை ஆக்கும் வழியில் முதலில் டைஹைட்ரோஃபிளேவனால் ரிடக்டேஸ் என்ற நொதி, மூலக்கூறில் உள்ள கார்பனைல் தொகுதியை ஹைட்ராக்சில் தொகுதியாக ஒடுக்குகிறது. அதன்பின் இடையில் ஓர் ஆக்சிஜனேற்றம் நிகழ்ந்து, பூக்களுக்கும் பழங்களுக்கும் செந்நிறமும் ஊதாவும் தரும் நிறமிகளின் அடிப்படையான ஆந்தோசயனிடின் தோன்றுகிறது. தேயிலை அந்த நிறத்தை வெளியே காட்டுவதில்லை. ஆந்தோசயனிடின் ரிடக்டேஸ் அதை உடனே ஒடுக்கி, நிறமற்ற எபிகேட்டச்சின் வகைகளாக்கிவிடுகிறது. இந்நொதியின் வேலையை 2003இல் தேயூ சியே, ரிச்சர்ட் டிக்சன் ஆகியோரின் குழு விளக்கியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில் இந்நொதிக்குரிய மரபணு பழுதானால் முதிராத விதையின் உறை சிவந்துவிடும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அச்சிவப்பை முன்னிட்டே அந்த மரபணுவுக்கு பன்யூல்ஸ் என்ற பிரெஞ்சுத் திராட்சை மதுவின் பெயர் வைக்கப்பட்டது. ஒடுக்கம் நிறத்தை மறைக்கும் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கேட்டச்சின்கள் மொட்டிலும் இளந்தளிரிலும் மிகுந்து, இலை முற்ற முற்றக் குறைகின்றன; தமிழ்நாட்டிலிருந்து எல்லை கடந்து மலையேறி வந்த தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பறித்துவரும் கொழுந்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

ஆலையில் நிகழ்வதோ செடி செய்யும் ஒடுக்கத்துக்கு நேர் எதிரான ஆக்சிஜனேற்றம். உயிருள்ள இலையில் கேட்டச்சின்கள் நுண்குமிழிக்குள்ளும், அவற்றை ஆக்சிஜனேற்றும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி கணிகத்துக்குள்ளும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. வாடவைத்த இலையை உருளைகள் நசுக்கியதும் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் புகுந்து, பொன்னிறம் கலந்த சிவப்புத் தரும் தியாஃபிளேவின்களும் செம்பழுப்பான தியாருபிஜின்களும் பிறக்கின்றன. ஆலைகளில் இதை ‘ஃபெர்மென்டேஷன்’ என்று சொல்வது பழகிப்போன பிழை. நுண்ணுயிரிகளுக்கு இங்கு வேலை இல்லை. பச்சைத் தேயிலையில் இலையை முதலிலேயே ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்தி ஆக்சிடேஸைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், செடி ஒடுக்கிவைத்த கேட்டச்சின்கள் பெரும்பாலும் அப்படியே கோப்பைக்கு வருகின்றன. நீர் வெளிறியே இருக்கும், துவர்ப்பு மட்டும் நாவில் படியும்.