ஆடத் தெரிந்தவருக்கு எதற்கு மேற்படிப்பு?

மும்பையிலுள்ள எங்கள் கிளைக்குக் கல்விக் கடன் நாடி வருவோரின் விண்ணப்பங்களில் பொறியியல், மருத்துவம், மேலாண்மை ஆகியவையே மிகுதி. சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஓர் இளம்பெண் தம் தந்தையுடன் வந்து அளித்த விண்ணப்பத்தில், ‘நடன இயக்கச் சிகிச்சை, முதுகலை’ என்றிருந்தது. அவர் உளவியல் பட்டதாரி. பன்னிரண்டு ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்றவர். நாங்கள் கேட்க எண்ணியதைத் தந்தையே கேட்டுவிட்டார்: “ஆடத் தெரிந்த பெண்ணுக்கு இன்னும் இரண்டு ஆண்டுப் படிப்பு எதற்கு சார்?”

மகள் அமைதியாக விடை சொன்னார். அவர் வார இறுதிகளில் ஒரு சிறப்புப் பள்ளியில் தொண்டு செய்து வந்தார். அங்கே யாரிடமும் ஒட்டாத சிறுவன் ஒருவன் இருந்தான். அடவு கற்பிக்க முயன்றபோதெல்லாம் விலகிச் சென்றான். ஒருநாள் அவன் உடலை முன்னும் பின்னும் அசைத்தபோது, இவரும் அருகிலமர்ந்து அவ்வாறே அசைந்தார். சிறுவன் முதன்முறையாக இவர் முகத்தைப் பார்த்தான். “மறுவாரம் அதையே செய்தபோது அழுதுவிட்டான். ஏன் பார்த்தான் என்பதும் தெரியவில்லை, அழுதபோது என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்பா படிக்க வேண்டும்” என்றார்.

அந்த விடை எங்களையும் இத்துறையைப் பற்றி அறியத் தூண்டியது.

மருத்துவமனையில் வேர்விட்ட துறை

அமெரிக்க நடனக் கலைஞர் மரியன் சேஸ், 1942இல் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். சொற்களால் எட்ட இயலாத நோயாளிகளின் அசைவுகளைத் தாமும் ஏற்று, அவற்றின் வழியே அவர்களோடு உறவு ஏற்படுத்தினார். 1966இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். நம் நாட்டில் திரிபுரா காஷ்யப் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். சமூகவியல் பயின்ற சோஹினி சக்கரவர்த்தி 2004இல் நிறுவிய ‘கொல்கத்தா சன்வேத்’ அமைப்பு, கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களின் மறுவாழ்வுக்கு நடன இயக்கத்தைப் பயன்படுத்தி வருகிறது.

பயிற்சியில் என்ன இருக்கிறது?

மேடையில் பார்வையாளர் நம்மைப் பார்ப்பர். சிகிச்சை அறையில் நாம் எதிரிலிருப்பவரைப் பார்க்க வேண்டும். இந்த மாற்றமே பயிற்சியின் சாரம். ருடால்ஃப் லாபான் வகுத்த முறையில் அசைவின் எடை, வேகம், திசை ஆகியவற்றைக் கவனித்துப் பதிவுசெய்யக் கற்பர். உடற்கூறு, மனித வளர்ச்சி, மனநோய்கள், குழு இயக்கவியல், ஆராய்ச்சி முறை, தொழில் நெறி ஆகியவையும் பாடங்களாகும். நடனத்தில் நல்ல அனுபவம் சேர்க்கைக்கே தேவைப்படும். அதன்பின் மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வையில் களப்பயிற்சி நடைபெறும். அமெரிக்காவில் பதிவுபெற்ற சிகிச்சையாளராவதற்கு முதுகலைத் தகுதியுடன் குறைந்தது 700 மணி நேர மருத்துவக் களப்பயிற்சி வேண்டும். அழுத சிறுவன் முன் திகைத்து நிற்காமலிருக்கக் கற்பது அந்த மணி நேரங்களில்தான்.

பிலடெல்ஃபியாவின் டிரெக்சல், மாசசூசெட்ஸின் லெஸ்லி, இங்கிலாந்தின் ரோஹாம்ப்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. இந்தியாவில் டிப்ளமோ, சான்றிதழ் நிலைகளிலேயே பயிற்சி பெரிதும் அமைந்துள்ளது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் கொல்கத்தா சன்வேத்துடன் இணைந்து ஒரு டிப்ளமோ படிப்பை வழங்கியது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நடன இயக்கச் சிகிச்சையாளரும் இடம்பெற்றிருப்பது நம்பிக்கை தரும் செய்தி.

கடன் கணக்கு

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை மாணவர் தம் பங்காகத் தொகை எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடும், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடும் செலுத்த வேண்டும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. பின்னர் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். ஆயினும் அக்காலத்திலும் வட்டி சேரும் என்பதை மறக்கலாகாது. இயன்றவர்கள் படிக்கும்போதே வட்டியைச் செலுத்தினால் பிற்காலத் தவணை குறையும்.

விதிகளைச் சொன்னதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. இத்துறையில் நிலையான மாத ஊதியப் பணிகள் நம் நாட்டில் இன்னும் குறைவு. பலர் பள்ளி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் எனப் பல இடங்களில் பகுதி நேரமாகப் பணியாற்றுகின்றனர். வெளிநாட்டுப் பட்டத்தின் செலவையும் நம் நாட்டு வருவாயையும் அருகருகே எழுதிப் பார்க்குமாறு இருவரையும் கேட்டுக்கொண்டோம். பயிற்சி நிறுவனத்தின் அங்கீகாரம், களப்பயிற்சி நேரம், மேற்பார்வையாளரின் தகுதி ஆகிய மூன்றையும் எழுத்து வடிவில் பெறுமாறும் கூறினோம்.

பத்து நாள் கழித்து இருவரும் மீண்டும் வந்தனர். வெளிநாட்டு விண்ணப்பத்தை ஒத்திவைத்து, முதலில் இந்தியாவிலேயே டிப்ளமோ பயின்று, இரண்டாண்டு பணியாற்றியபின் முதுகலைக்குச் செல்வதென முடிவு செய்திருந்தனர். கேட்ட தொகை முன்னதில் ஐந்தில் ஒரு பங்குதான். இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்ட தந்தை, பேனாவை மூடியபடியே மகளிடம் கேட்டார்: “அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்?”