ஊதினால் மட்டும் உலை கொதிக்காது

பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கம் ஏறும் சாலையில் நாலு பேரை ஏற்றி ஏசியையும் போட்டால் பழைய மாருதி 800 மூச்சு வாங்கும். ‘வண்டிக்கு வலி இல்ல’ என்று ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால், இளவட்டங்கள் சொல்லும் மருந்து டர்போ. ஆன்லைனில் சீனத்துச் சரக்கு மலிவு. ஆக்ரிக்கடையில் டீசல் வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது அதைவிட மலிவு. காசை எடுக்கும் முன் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அதற்கு நம் வீட்டு விறகடுப்பே போதும்.

கொதும்பும் சிரட்டையும் எரியும் அடுப்பில் தீ மங்கினால் குழலெடுத்து ஊதுவோம். காற்று கூடியதும் தீ சீறும். எஞ்சினிலும் பெட்ரோலைக் கூட்டுவது எளிது, அதை எரிக்கும் காற்றுக்குத்தான் பஞ்சம். 800-இன் 796 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லிட்டர் காற்றை இழுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது ஊத வேண்டும்.

ஊதுவது புகையேதான். அடுப்புச் சூட்டில் பெரும்பங்கு புகைக்கூட்டின் வழியே வீணாய்ப் போகிறதல்லவா, எஞ்சினிலும் எரிபொருள் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. அந்தப் புகைவழியில் ஒரு சக்கரம், அதே அச்சின் மறுமுனையில் நல்ல காற்றுப் பக்கம் இன்னொரு சக்கரம். புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது தீக்குக் காற்றை ஊதும். இதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. விற்பனைக் கார்களுக்கு வந்தது 1962-இல், அமெரிக்காவில்.

இனிதான் செலவு. விறகைக் கூட்டாமல் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? இருக்கும் கங்கு வெள்ளையாய்ப் பழுத்துப் பானையின் அடி கருகும். இங்கே பானை என்பது பிஸ்டன். காற்றுக்கேற்ற பெட்ரோல் வராவிட்டால், சூடேறிய கலவை ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே தானே வெடிக்கத் தொடங்கும். டிக் டிக்கென்று கேட்பது அதுதான். கேட்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிஸ்டனில் ஓட்டை. கார்புரேட்டர் வண்டியில், ஊதிய காற்றின் அழுத்தத்தை மீறிப் பெட்ரோலைத் தள்ள வேறு பம்ப் வேண்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோலை அளந்து விடும் கம்பெனி இசியுவுக்கு இத்தனை அழுத்தம் கணக்கிலேயே இல்லை. இன்ஜெக்டரும் ட்யூனிங்கும் மாற வேண்டும். டர்போவின் விலையை இந்த வேலையே தாண்டிவிடும்.

அடுத்தது சூடு. காற்றை அமுக்கினால் அது சூடாகும். நம் ஊர் 30 டிகிரிக் காற்றை 0.4 பார் மட்டும் கூட்டி அமுக்கினாலே, சுமாரான டர்போவில் அது 80 டிகிரி ஆகிவிடும். சூடான காற்று விரிந்து நிற்பதால், 40 சதவீதம் கூடுதல் காற்று என்று போட்ட கணக்கு கடைசியில் 20 சதவீதத்தில் வந்து நிற்கும். மீதியைப் பிடிக்க அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலர், அதற்கு இன்னொரு செலவு.

எண்ணெய் விஷயத்தில்தான் பட்ஜெட் வேலைகள் பெரும்பாலும் சாகின்றன. அந்த அச்சு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெய் வரும்போது எஞ்சின் அழுத்தத்தோடு மெல்லிய குழாயில் வரும். போகும்போது அழுத்தம் கிடையாது, தானாக வழிந்து சம்ப்புக்கு இறங்க வேண்டும். ஆகவே திரும்பும் ஹோஸ் பெருவிரல் தடிமனுக்கு, மடிப்பில்லாமல், கீழ்நோக்கிச் சரிந்து போக வேண்டும். கைக்குக் கிடைத்த ஒல்லி ரப்பர் ஹோஸை வளைத்துக் கட்டினால் எண்ணெய் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, நீலப்புகை கக்கும். டர்போ போச்சு என்று இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் கக்கும்.

பழையது வாங்குகிறவர்கள் அச்சின் நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடலாம். உள்ளும் வெளியுமாக நகர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டீசல் வண்டி டர்போவில் இன்னொரு சங்கடம்: பெட்ரோல் புகை 900 டிகிரியைத் தாண்டும், டீசல் புகை அவ்வளவு போகாது. குறைந்த சூட்டுக்கு வார்த்த உலோகம் இதில் எத்தனை நாள் தாங்கும்? ஆன்லைனில் மலிவாய்க் கிடக்கும் டி3/டி4 நகல்களோ ஏறக்குறைய 2 லிட்டர் எஞ்சினுக்கான அளவு. 800-இன் புகைக்கு அவை அசையவே யோசிக்கும். (சைலன்சர் நுனியில் செருகும் ‘டர்போ விசில்’ சத்தத்துக்கு மட்டும்தான். அதை வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.)

இத்தனையும் சரியாகச் செய்தாலும் அமரவிளையில் வாகனச் சோதனையில் யாராவது பானட்டைத் திறக்கச் சொன்னால்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182 ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களியக்காவிளை தாண்டிப் பெட்ரோல் அடித்தால் காசு மிச்சமாகலாம். இதில் எல்லை தாண்டிப் பயனில்லை, மத்தியச் சட்டம். கேஎல்-19 ஆனாலும் டிஎன்-75 ஆனாலும் ஒன்றுதான். விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இது போதும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கார்புரேட்டர் 800-இன் சக்தி 37 குதிரைத்திறன். இன்டர்கூலர் இல்லாத மலிவு டர்போ 20 சதவீதம் கூட்டினால் 44. அதே 796 சிசியில், டர்போ எதுவும் இல்லாமல், 12 வால்வோடு மாருதி 2000-இல் இறக்கிய ஆல்டோவுக்கு 46.