பஜ்ஜியை எதில் வைத்துக் கொடுக்கிறார்கள்?

சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியை நியூஸ்பேப்பர் துண்டில் வைத்து அழுத்தி, எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டுச் சாப்பிடுவது ஏதோ உடம்புக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் காகிதத்துக்குப் போகும்போதே அச்சு மை பஜ்ஜிக்கு வந்துவிடுகிறது. அந்த மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்பது 2019 ஜூலை 1 முதல் அமலில் உள்ள விதி. 2023 செப்டம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

வாணலிக்கும் சட்டம் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அளக்கக் கருவி வேண்டும். ஆனால் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் புகையும் எண்ணெயைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். பெரிய உணவகங்களின் மிச்ச எண்ணெய் பயோடீசலாக வேண்டும் என்று 2018இல் தொடங்கியதுதான் ‘ரூக்கோ’ திட்டம். அப்படிப் போகாத எண்ணெய் மலிவு விலையில் கைமாறிச் சின்னக் கடைக்கு வந்து சேர்கிறது. தள்ளுவண்டிக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போடுவது பாதி வேலைதான்.

பார்சல் சாம்பாரைக் கட்டும் பிளாஸ்டிக் கவரோ, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. தூக்குவாளி கொண்டு போனால் கடைக்காரருக்கும் கவர் காசு மிச்சம்.

வாங்குபவர் என்ன செய்யலாம்? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40ஆவது பிரிவு, அதிகம் பேசப்படாத ஒரு உரிமையைத் தருகிறது. அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய உணவை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். சென்னை, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு சிக்கல்: பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். ‘அண்ணே, இதை லேபுக்கு அனுப்பப் போறேன்’ என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்தான்.

பரிசோதனையால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் பஞ்சுமிட்டாயை நினைத்துக்கொள்ளலாம். துணிக்குப் போடும் ரோடமைன்-பி சாயம் அதில் கலந்திருப்பது கிண்டி ஆய்வகச் சோதனையில் தெரிந்ததும், 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

கெட்ட உணவால் உடல்நலம் பாதிக்கப்பட்டால் 65ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம்: கடும் பாதிப்புக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. உயிரிழப்பு என்றால் குறைந்தது 5 லட்சம். அதற்கு மருத்துவமனைச் சீட்டும், எங்கே வாங்கியது என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். பில்லில் கடையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பஜ்ஜிக்கு யார் பில் தருகிறார்கள்? அங்கே, தள்ளுவண்டியில் மாட்டியிருக்க வேண்டிய பதிவுச் சான்றிதழைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் அதையே புகாராக மாவட்ட நியமன அலுவலரிடம் கொடுக்கலாம். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலும் பதியலாம்.