கடலடியில் ஜீப் ஓட்டத் தயாரா? பட்டறை ரகசியங்கள் தெரியுமா?

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு வண்டி ஓட்டுகிறீர்களே, போவது கடலின் தரையில் என்று தெரியுமா? ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தது! அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் மூட்டையாக லாரி ஏறுகிறது. மேலே கரிசல், அடியில் கல், இடையில் மருதையாறு, தெற்கே கொள்ளிடத்து மணல். இத்தனைக்கும் ஒரே வண்டியைத் தயார்செய்ய லட்சக்கணக்கில் சாமான் வாங்க வேண்டும் என்பார்கள். நம்பாதீர்கள்! பாதி வேலை, இருப்பதைக் கழற்றுவது.

ஆமாம், கழற்றுவது! கரிசலில் இருக்கும் ஒருவகைக் களிமண் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள்ளேயே இழுத்து ஊதிக்கொள்ளும். கோடையில் கால் நுழையும் அளவு வெடிக்கும் அதே மண், மழையில் டயரை விடவே விடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பி அப்பி, கடைசியில் சக்கரம் சுற்றாது. முன் மட்கார்டைக் கழற்றினால் பைக் தப்பிக்கும். மோட்டோகிராஸ் பைக்குகளில் மட்கார்டு டயரைவிட்டு உயரத் தூக்கி நிற்கிறதே, ஸ்டைல் என்று நினைத்தீர்களா? காரணம் இதே சேறுதான்!

அடுத்ததற்கு ஒரு பைசா செலவில்லை. காற்றை இறக்குங்கள்! 30 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 15-க்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கொள்ளிட மணலில் புதையும் ஜீப் மிதந்து போகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் ஓட்டிய நீர்-நில லாரியில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே காற்றை ஏற்றவும் இறக்கவும் வசதி இருந்தது தெரியுமா? நமக்கு அது இல்லை, ஒரு பம்ப் போதும். ஆனால் சுண்ணாம்புக்கல் சில்லு கிடக்கும் இடத்தில் இந்த வித்தை வேண்டாம், தொளதொள டயரின் பக்கவாட்டைக் கல் கிழித்துவிடும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும்.

இதற்கு நேர் எதிரான வித்தையும் இங்கேயே இருக்கிறது! டிராக்டர் பின் டயருக்குள் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புவார்கள். எடை கூடினால் பிடிமானம் கூடும். குளிர்நாடுகளில் அது உறைந்துவிடாமலிருக்க கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நமக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். திருமானூர், தா.பழூர் பக்கம் சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் இன்னொரு அதிசயம். ஆனால் அதோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் பெயரும், அபராதமும் வரும்.

இனிமேல்தான் உச்சம்! இந்த வண்டி வித்தைகளுக்கெல்லாம் குரு ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1920-களின் கடைசியிலும் 30-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களை லிபியப் பாலைவனத்தில் ஓட்டினார். ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீர் ஆவியாகப் போனதே, என்ன செய்தார் தெரியுமா? ஆவி வெளியேறும் குழாயை, பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு டப்பாவுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டரே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்! மணலில் சிக்கிய சக்கரத்துக்கு அடியில் போட அவருக்குக் கிடைத்த இரும்புத் தகடு, முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்தது. வாங்கிய இடம் கெய்ரோவின் ஒரு பழைய சாமான் கடை! காயலான் கடையைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் கவனிக்க. மணலைப் பற்றி அவர் 1941-ல் எழுதிய புத்தகம் செவ்வாய்க் கிரக ஆய்வு வரை போனது. அங்கே உள்ள ஒரு மணல்மேட்டுத் தொகுதிக்கு இன்று அவர் பெயர்தான்.

பெரம்பலூர்க்காரர்களுக்கென்றே ஒன்று: கொசுவலை! மக்காச்சோள அறுவடையில் பறக்கும் சருகும் தூசியும் ரேடியேட்டரை அடைக்கும். முன்னால் ஒரு துண்டு வலை கட்டினால் தீர்ந்தது. ஆஸ்திரேலியப் புல்வெளியில் பயணம் போகிறவர்களும் புல்விதைக்கு அஞ்சி இப்படித்தான் வலை கட்டுகிறார்கள். அப்படியே காரின் அடியிலும் குனிந்து பாருங்கள். ரோட்டில் உலர்த்திய கொள்ளுச்செடி அடியில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் கார் எரிந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் உண்டு.

ஓடையில் இறங்குவதென்றால் ஆபத்து சைலன்சரில் இல்லை, எஞ்சின் மூச்சு விடும் வாயில்தான்! தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடே வளையும். அதனால்தான் சிலர் பி.வி.சி. குழாயைக் கூரை வரை ஏற்றுகிறார்கள். அச்சுக்கும் மூச்சுத்துளை உண்டு. சூடான அச்சு சட்டென்று குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். நாலு முழ ரப்பர் குழாயை அதில் மாட்டி மேலே கட்டிவிடுங்கள்.

வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. முன்னால் மாட்டும் 'புல் பார்' என்ற இரும்புத் தடுப்பு 2017 டிசம்பரிலேயே தடையானது. கழற்றிய மட்கார்டையும் ரோடு ஏறுமுன் மாட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, காரை என்ற ஊரின் களிமேட்டில் மட்டும் ஜீப்பை ஏற்றாதீர்கள். ஆட்டுக்கடா கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட்டுகள், அதாவது அந்தப் பழங்கடல் உயிர்களின் புதைபடிவங்கள், அங்கே மண்ணில் கிடக்கின்றன. டயர் அவற்றை நொறுக்கும். டயர்த்தடம் அடுத்த மழையில் ஓடையாகும். அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அதைப் பார்க்க வண்டியில் ஒரு நட்டுகூட மாற்ற வேண்டாம்!