இரு பச்சைக் குதிரைகள்

பாட்டியார் அணிந்த அட்டியலையும் நேற்று நகைக்கடையில் வாங்கிய அட்டியலையும் அருகருகே வைத்து, எது உயர்ந்தது என்று வினவினால், தராசு ஒரு விடை கூறும். வீட்டாரின் உள்ளம் வேறொரு விடை கூறும். மோட்டார் வண்டிகளின் உலகிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. அமெரிக்காவின் போர்ட் கம்பனியார் அரை நூற்றாண்டு இடைவெளியில் செய்த இரண்டு ‘மஸ்டாங்’ வண்டிகளே அவ்வழக்கின் கட்சிக்காரர். மஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை.

மூத்த குதிரை 1968ஆம் ஆண்டிற்குரியது. ‘புலிட்’ என்னும் திரைப்படத்திலே நடிகர் ஸ்டீவ் மக்குவீன் சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டு வீதிகளில் இதனைப் பறக்க ஓட்டினார். துரத்தற் காட்சி ஏறக்குறையப் பதினொரு நிமிடம் நீள்வது. கரும்பச்சை நிறம், எட்டுச் சிலிண்டர் கொண்ட 390 கன அங்குல எஞ்சின், நான்கு கியர், 325 குதிரைவலு.

இளைய குதிரை அப்படத்தின் நினைவாகவே பிறந்தது. 2018 ஜனவரியில் டெட்ரோயிட் கண்காட்சியில் அறிமுகமாகி, 2019, 2020ஆம் ஆண்டு மாதிரிகளாக விற்கப்பட்டது. அதே கரும்பச்சை; 5 லீற்றர் எஞ்சின்; ஆறு கியர்; 480 குதிரைவலு; உச்ச வேகம் மணிக்கு 163 மைல்.

தராசின் தீர்ப்பு

அக்காலத்தில் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, வண்டிக்குரிய துணைச் சுமைகளின்றி வலுவை அளந்தனர். 1972 அளவில் அவற்றையும் பூட்டி அளக்கும் முறை வழக்கிற்கு வந்தது. ஆகவே இரண்டுக்குமுள்ள உண்மையான இடைவெளி, எண்களிற் காண்பதிலும் பெரிது. வேகம், பிறேக், பாதுகாப்பு ஆகிய யாவற்றிலும் இளையதே வெல்லும்.

உள்ளத்தின் தீர்ப்பு

ஆயினும் மூத்ததன் வரலாற்றைக் கேளுங்கள். 1974இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் 6,000 டொலருக்கு அதனை வாங்கினர். ஆசிரியையாகிய இல்லத்தரசி அதிலேறியே பாடசாலைக்குச் சென்று வந்தார். 1977இல் மக்குவீனே அதனைத் தமக்கு விற்குமாறு கடிதம் எழுதினார், குடும்பத்தார் இசையவில்லை. 1980இல் கிளச் பழுதுற்றது. வண்டி கொட்டகைக்குள் ஒதுங்கியது. தந்தையார் 2014இல் காலமான பின், மகன் அதனை மீண்டும் ஓடச் செய்தார். ஆனால் நெளிவுகளை நிமிர்த்தவில்லை. மங்கிய வர்ணத்தைப் புதுக்கவில்லை. படப்பிடிப்புக்காகக் கமரா பொருத்திய தாங்கிகளும் அப்படியே இருந்தன.

டெட்ரோயிட்டில் இளையது அறிமுகமான அதே மேடையில் இம்மூத்ததும் தோன்றிற்று. 2020 ஜனவரியில் புளோரிடாவில் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணம் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. புதியதன் ஆரம்ப விலையோ ஏறக்குறைய 47,000 டொலரே!

பிற்காலத்தில் விலையேறும் என்று கருதிப் புதிய வண்டியை ஓட்டாமலே போர்த்தி வைப்பாரும் உளர். பழையதும் பல்லாண்டு பூட்டிக் கிடந்ததன்றோ என்று அவர்கள் கேட்கக்கூடும். உண்மை, ஆனால் அது ஓடி உழைத்த பின்னரே உறங்கிற்று. வீதியிலே பாய்ந்ததும், ஓர் ஆசிரியையைப் பாடசாலைக்குச் சுமந்ததும், ஒரு மகனுக்குத் தந்தையின் நினைவாய் நின்றதும் அதன் நெளிவுகளிலே எழுதப்பட்டிருக்கின்றன.

அருமையைத் தொழிற்சாலையிலே செய்து தகட்டில் இலக்கமிட்டு விற்றுவிடலாம். வாழ்வை அவ்வாறு செய்து விற்க இயலுமோ? இளைய குதிரையை வாங்கியவர்கள் அதனைப் பிள்ளைகளோடு ஏறி ஓட்டுவார்களாக. அரை நூற்றாண்டின் பின் அதற்கும் சொல்லுதற்கு ஒரு கதை இருக்கும்.